ஆறு கண் துண்டு

முதலில் தப்புச் செய்தது உன் அப்பாதான், வாசுகி. தருமலிங்கம்தான். செத்தவரைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று உன் முகம் கேட்கிறது. கேட்கட்டும். மூன்று மாதம் முன்பு வரைக்கும் அவர் உயிரோடுதான் இருந்தார், இதே புளோக்கில், நாலு மாடி கீழே. அப்போது உங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் மேலே ஏறி வரவில்லை. இப்போது நீ வந்திருக்கிறாய். வந்தவள் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

அந்த முக்காலியில் உட்காராதே, அம்மா. இந்த நாற்காலியில் உட்கார். அது சும்மா கிடக்கட்டும்.

நீ நடைபாதையில் வரும்போதே எனக்குத் தூக்கிப்போட்டது. நீயும் இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறாய். யாரும் உன்னிடம் சொன்னதில்லையா? செருப்பு தரையில் தேய்கிற சத்தம். சர், டக். சர், டக். உன் அப்பா நடக்கிற அதே சத்தம்.

எதற்கு வந்தாய் என்று போனிலேயே சொல்லிவிட்டாய். கிண்ணத்தில் ஒரு துண்டு வேண்டும். உன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது கேட்டாராம். கொடுப்பேனா மாட்டேனா என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் எனக்கு வர வேண்டியது ஒன்று இருக்கிறது. காசு இல்லை, பயப்படாதே. ஒரு வார்த்தை. 'அடைக்கலம் செய்யல.' அவ்வளவுதான். கீழே கோப்பிக் கடையில் எட்டுப் பேர் முன்னால் உன் அப்பா நான் செய்தேன் என்று சொன்னார். அவர் போய்விட்டார். அவருக்குப் பதில் நீ, செய்யவில்லை என்று சொல். எட்டுப் பேர் வேண்டாம். என் முன்னால் சொன்னால் போதும்.

இரு, இரு. உடனே வாயைத் திறக்காதே. நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொல். கேட்காமல் சொன்னால் அது எனக்கு வேண்டாம்.

கிட்டே வந்து பார். தொட்டியின் அடியில் கிடக்கிறதே, இதுதான் கிண்ணம், பவளத்தில் ஒரு ஜாதி. சீனன் கடையில் இதற்கு சாலிஸ் என்று பெயர். கிண்ணம் என்று அர்த்தம் சொன்னான், நாங்கள் அதையே வைத்துக்கொண்டோம். பார்த்தால் தட்டுப் பாறை மாதிரி இருக்கிறது, ஆனால் உயிர் உள்ளது. அடியில் கல், மேலே காகிதம் போல ஒரு சதை. கருஞ்சிவப்புச் சதையில் பச்சைப் பச்சையாகப் புள்ளி தெரிகிறதா? அதைக் கண் என்போம். உண்மையில் கண் இல்லை, வாய். ஒவ்வொன்றும் ஒரு வாய். ஆனால் வாய் என்று சொல்ல மனசு வராது. நீ எங்கே நின்றாலும் உன்னைப் பார்க்கிற மாதிரி இருக்கும். இமை கிடையாது. எனக்கு இது முப்பத்தொரு கண் வரைக்கும் வளர்ந்தது. ஐந்து கண்ணோடு வந்தது.

ஐந்து. அதையும் சொல்ல வேண்டும்.

நானும் உன் அப்பாவும் செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பத்து நாலு வருஷம் கப்பலின் அடியைத்தான் பார்த்தோம். மேலே இருக்கிறவன் கடலைப் பார்ப்பான், நாங்கள் அடியைப் பார்ப்போம். கடலில் வருஷக்கணக்கில் கிடந்த கப்பல் அடியில் சிப்பியும் பூச்சியும் பாசியும் அப்பிக்கிடக்கும். மணலைப் பீய்ச்சி அடித்து அதையெல்லாம் கொன்று கொட்டுவோம். பிறகு சிவப்புச் சாயம் அடிப்போம். அந்தச் சாயத்தில் செம்பு கலந்திருக்கும். செம்பு கலந்த சாயம் அடித்தால் கடலில் உள்ள எந்தப் பூச்சியும் ஒட்டாது. ஒட்டினாலும் செத்துக் கீழே விழும். அதுதான் எங்கள் வேலை. நான் நாலாம் வகுப்போடு நின்றவன். எனக்குத் தெரிந்த படிப்பு அது ஒன்றுதான்.

ஓய்வு கிடைத்த பிறகு ஒரு நாள் உன் அப்பா அந்தச் சீனன் ஆ செங்கின் வளர்ப்பு மீன் கடைக்கு என்னைக் கூட்டிப்போனார். கண்ணாடித் தொட்டிக்குள் பவளப் பூச்சிகள். நாங்கள் ஆயுசெல்லாம் சுரண்டிக் கொட்டிய அதே ஜாதி. உன் அப்பா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்.

"அடைக்கலம், இதுங்களுக்கு நாம பட்ட கடன் கொஞ்ச நஞ்சமில்லடா."

ஆளுக்கு ஒரு மூன்றடித் தொட்டி வாங்கினோம். தண்ணீரைக் குளிரவைக்க ஒரு மெஷின், அலைக்கு ஒரு மோட்டார், நீல விளக்கு. என் பெண்டாட்டி அஞ்சலை வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கப்பல்ல கொன்னு தீத்தாச்சு. இப்ப கரண்டு செலவழிச்சு வளக்குறாங்களாம், ரெண்டு கெழவனும்." உன் அப்பா விடுவாரா? "ஒனக்கும் சேத்துத்தான் ஒரு தொட்டி வாங்கலாம்னு பாத்தோம் தங்கச்சி. அவ்வளவு பெருசு கடையில இல்ல." அவள் துடைப்பத்தை எடுத்தாள். சிரிப்புத்தான். அப்போதெல்லாம் சிரிப்புத்தான்.

இந்தக் கிண்ணத்தை இரண்டு பேரும் சேர்ந்துதான் வாங்கினோம். பதினோரு கண். ஆ செங் அதைச் சின்ன ரம்பத்தில் அறுத்துக் கொடுத்தான். பதினொன்றைச் சரிபாதி பண்ண முடியாது. ஒன்றில் ஆறு, ஒன்றில் ஐந்து. ஆ செங் இரண்டையும் தட்டில் வைத்த உடனே உன் அப்பா கை நீட்டினார். ஆறு கண் இருக்கிற துண்டு.

"ஒன் தொட்டி புதுசு அடைக்கலம். சின்னதுதான் தாங்கும்."

என் தொட்டி அவர் தொட்டியைவிட ஒன்பது நாள் புதுசு. ஒன்பது நாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதற்காக மறந்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

இதை வளர்ப்பது சாமி காரியம் மாதிரி, அம்மா. நீ கொண்டுபோகிறதானால் தெரிந்துகொள். வெளிச்சம் அதிகம் கூடாது, வெளுத்துப்போகும். தொட்டியின் அடியில், ஓரமாக, நிழலில் வைக்க வேண்டும். அலை நேராக மேலே அடிக்கக் கூடாது. பக்கத்தில் இன்னொரு உயிரை வைக்கவே கூடாது. பகலில் சாதுவாகப் படுத்திருக்கும். விளக்கை அணைத்தால் ஓரத்திலிருந்து தலைமுடி போல நூல் நூலாக நீட்டும். அந்த நூல் எதைத் தொட்டாலும் சுட்டுவிடும். காலையில் பார்த்தால் பக்கத்தில் இருந்தது செத்திருக்கும். இது ஒன்றும் தெரியாத மாதிரி படுத்திருக்கும்.

சாயங்காலம் ஏழு மணிக்கு விளக்கை அணைப்பேன். அப்புறம்தான் சாப்பாடு. இறாலைப் பொடிப்பொடியாக நறுக்கி, பிள்ளைகளுக்கு மருந்து ஊற்றுகிற சொட்டுக் குழாயில் உறிஞ்சி, ஒவ்வொரு கண்ணின் மேலும் ஒரு துளி விட வேண்டும். மெதுவாக வாங்கிக்கொள்ளும். உன் அப்பா ஆறே முக்காலுக்கு மேலே வந்துவிடுவார். சர், டக். அந்த முக்காலியில் உட்காருவார். இங்கே முடித்துவிட்டு இரண்டு பேரும் கீழே போய் அவருடையதற்கு ஊட்டுவோம். ஆறு வருஷம். ஒரு நாள் தவறியது கிடையாது. அஞ்சலை செத்த அன்றைக்குக்கூட, அவளை எடுத்துக்கொண்டு போய் முடித்துத் திரும்பி வந்து நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது, அவர் இறாலை நறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு நாற்பது நாள் உன் அம்மா எனக்குச் சோறு கொடுத்துவிட்டாள். அவர்தான் தூக்கிக்கொண்டு வருவார். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆறு கண்ணையும் எடுத்துக்கொண்டார் என்பதையும் இல்லை என்று சொல்ல முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அஞ்சலை போய் ஒரு வருஷம் கழித்து, பட்டுக்கோட்டையில் உன் பெரியப்பா இறந்தார். உனக்கு நினைவிருக்கும், நீங்கள் மூன்று பேரும் அன்றைக்கே விமானம் ஏறினீர்கள். உன் அப்பா பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே இங்கே வந்து சாவியைக் கொடுத்தார்.

"பதினாறாம் நாள் காரியம் முடிச்சுட்டுத்தான் வருவேன். தொட்டியப் பாத்துக்க. தண்ணி ஆறு கேன் புடிச்சு வச்சிருக்கேன். தெனம் அதுலேருந்து ஊத்து. வேற ஒண்ணும் செய்யாத. ஒன் புத்திசாலித்தனத்தக் காட்டாத."

பெரிய சாவு நேரத்தில் ஒரு மனுஷன் பேசுகிற பேச்சா இது? சரி, போகட்டும் என்று வாங்கிக்கொண்டேன்.

தண்ணீர் எதற்கு என்று சொல்ல வேண்டும். தொட்டித் தண்ணீர் தினமும் ஆவியாகிக் குறையும். உப்பு குறையாது. அதனால் குறைந்த அளவுக்கு வெறும் வடிகட்டின தண்ணீர் ஊற்ற வேண்டும். மூன்று லிட்டர் பிடிக்கும் ஒரு நாளைக்கு. உன் அப்பா பிடித்துவைத்த கேனைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். பிளாஸ்டிக் வாடை. பத்தொன்பது நாள் பிளாஸ்டிக்கில் கிடக்கப்போகிற தண்ணீர். என் தொட்டி என்றால் ஊற்றியிருப்பேன். என்னுடையதற்கு வாளித் தண்ணீர்தான், இன்றைக்கும் அந்தப் பச்சை வாளிதான். ஆனால் இது அடுத்தவர் பொருள். நம்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். துக்க வீட்டுக்குப் போயிருக்கிறார். அதற்கு ஒரு மரியாதை வேண்டாமா?

அங்கே பார், சாமிப் படத்துக்குப் பக்கத்தில், அலமாரியில். கவிழ்த்து வைத்திருக்கிறேனே, செப்புக் குடம். அஞ்சலை கல்யாணச் சீராகக் கொண்டுவந்தது. கப்பலில் மடியில் வைத்துக்கொண்டே வந்தாளாம், சாமான் அறையில் போடவிடவில்லை. முப்பத்தெட்டு வருஷம் அதில்தான் குடிதண்ணீர். ராத்திரி ஊற்றி வைத்துக் காலையில் குடித்தால் உடம்புக்கு ஒன்றும் வராது என்பாள். எனக்கு ஒன்றும் வந்ததில்லை. அவளுக்கு வந்தது வேறு, அது கர்ப்பப்பை.

அவள் போன பிறகு அதை நான் தொடவில்லை. உன் அப்பா தொட்டிக்காகத்தான் எடுத்தேன். அவள் செய்த மாதிரியே செய்தேன். காலையில் புளியும் உப்பும் போட்டுத் தேய்ப்பேன், தங்கம் மாதிரி ஜொலிக்கும். என் மெஷினில் வடிகட்டின தண்ணீரை அதில் நிரப்பி, ஒரு பகல், ஒரு ராத்திரி வைத்திருப்பேன். மறுநாள் தோளில் தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்குவேன். லிஃப்டில் ஒரு மலாய்க்காரம்மா கேட்டாள், கோயிலுக்கா என்று. ஆமாம் என்றேன். எனக்கு அப்படித்தான் இருந்தது. அஞ்சலையும் கூட வருகிற மாதிரி இருந்தது.

ஆறு கேனையும் நான் தொடவில்லை. மூடி திறக்காமல் அப்படியே வைத்திருந்தேன்.

நாலாம் நாள் ஒரு நத்தை கண்ணாடியிலிருந்து விழுந்து கிடந்தது. ஏழாம் நாள் தொட்டியில் விட்டிருந்த இறால் இரண்டையும் காணோம். கிண்ணத்துக்குச் சாப்பாடு விட்டேன், வாங்கவில்லை. கண்கள் உள்ளே இழுத்துக்கொண்டன. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? உன் அப்பாவைத் தேடுகிறது என்று நினைத்தேன். சிரிக்காதே. சிரிக்கவில்லையா? சரி.

பத்தாம் நாள் ஓரத்தில் சதை விட்டுப்போய் வெள்ளைக் கல் தெரிந்தது. நகத்தைச் சுற்றித் தோல் உரிகிற மாதிரி. போன் செய்யலாமா என்று யோசித்தேன். துக்க வீட்டுக்குப் போன் போட்டு உன் பூச்சி சாகிறது என்று எப்படிச் சொல்வது? தண்ணீர்தான் போதவில்லை என்று தோன்றியது. பழைய தண்ணீரைக் கொஞ்சம் எடுத்துவிட்டு நல்ல தண்ணீரைக் கூடுதலாக ஊற்றினேன். குடத்தை இரண்டு தரம் தேய்த்தேன். முழங்கால் வீங்கிப்போயிருந்தது எனக்கு. அந்தக் காலோடு ஒரு நாளைக்கு இரண்டு நடை. இதை உன் அப்பாவிடம் யார் சொல்வது?

நீங்கள் வந்து இறங்கிய அன்று ஒரு கண்ணும் இல்லை. வெள்ளையாக, சோப்புத் துண்டு மாதிரி கிடந்தது.

உன் அப்பா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. தொட்டிக்குள் கையை விட்டு அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பிறகு ஆறு கேனையும் பார்த்தார்.

"தண்ணியே ஊத்தலையா நீ?"

"என் தண்ணிய ஊத்துனேன். ஒன்னுதவிட நல்ல தண்ணி."

வேறு ஒன்றும் கேட்கவில்லை அவர். எதில் கொண்டுவந்தாய், எப்படிக் கொண்டுவந்தாய், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒரு குப்பியில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஆ செங்கிடம் போனார். ஆ செங் மருந்து விட்டுப் பார்த்தான். தண்ணீரில் செம்பு இருக்கிறது என்றான்.

மீனுக்கு உடம்பில் வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் ஊற்றுகிற நீல மருந்து ஒன்று உண்டு, செம்பு மருந்து. மீன் பிழைக்கும், பவளம் செத்துவிடும். பவளத் தொட்டி வைத்திருக்கிற ஒருவரும் அதை வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கோப்பிக் கடையில் பட்டறை ஆட்கள் எல்லாம் இருந்தார்கள். நான் போய் உட்கார்ந்தேன். உன் அப்பா கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஆறு கண்ண எனக்குக் குடுத்துட்டு அஞ்ச நீ வச்சிருந்தது ஒனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சுல்ல? அதான் நீல மருந்த ஊத்திட்ட. சாவு வீட்டுக்குப் போனவன் வீட்டுல ஊத்திட்டயேடா."

எட்டுப் பேர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன். நான் நீல மருந்தை வாங்கியதே கிடையாது, வாசுகி. கையால் தொட்டது கிடையாது. அஞ்சலை படத்தின் மேல் சத்தியம் செய்கிறேன். செம்பு என்ன செய்யும் என்று எனக்கா தெரியாது? முப்பத்து நாலு வருஷம் அதை அடித்தவன். தெரிந்தவன் ஊற்றுவானா? ஒரு பேச்சுக்குக்கூட அவர் யோசிக்கவில்லையே.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தேன். நிரூபிக்கிறேன் பார் என்று எழுந்தேன். குடத்தில் மீதித் தண்ணீர் இருந்தது. இதைத்தானே ஊற்றினேன், இதையே என் தொட்டியில் ஊற்றுகிறேன், என்னுடையது உயிரோடு இருந்தால் அவர் தலையைக் குனிந்துகொண்டு வரட்டும் என்று ஒரு டம்ளர் மொண்டேன். தொட்டிவரைக்கும் கொண்டுபோனேன். டம்ளரைச் சாய்க்க வேண்டியதுதான். கை நின்றுவிட்டது. இருந்த கண் எல்லாம் என்னைப் பார்த்தது. பிறகு கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றாமல் சாக்கடையில் ஊற்றினேன்.

கை நடுக்கம்தான். அந்த வாரம் எனக்குச் சர்க்கரை ஏறியிருந்தது.

குடத்தைக் கவிழ்த்து அலமாரியில் வைத்தேன். குடிக்கிற தண்ணீரையும் மாற்றிவிட்டேன், பிளாஸ்டிக் ஜாடிதான். ஏன் என்று கேட்காதே. கேட்கிற மாதிரி பார்க்காதே.

நாலு வருஷம் பேச்சு இல்லை. லிஃப்டில் அவர் நின்றால் நான் படியில் இறங்குவேன். போன வருஷம் அஞ்சலை திதி அன்றைக்கு மட்டும் குடத்தை எடுத்தேன். தேய்த்து, தண்ணீர் நிரப்பி, அவள் படத்துக்கு முன்னால் வைத்தேன். அப்போது சாயங்காலம் ஆறே முக்கால் இருக்கும். சர், டக். அந்த ஜன்னலுக்கு வெளியே, நடைபாதையில், உன் அப்பா. மெலிந்து பாதியாகிவிட்டார். நோய் இருந்தது எனக்கு அப்போது தெரியாது. கண்ணாடி வழியாகக் கிண்ணத்தைப் பார்த்தார். எவ்வளவு பெரிதாகிவிட்டது என்று பார்த்திருப்பார். பிறகு குடத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் குடத்தையே பார்த்தார். தேய்த்து வைத்திருந்தேன் இல்லையா, பளபளவென்று இருந்தது. அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டார். முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார். பிறகு கதவைத் தட்டினார், இரண்டு தட்டு.

"அடைக்கலம்."

ஒரே ஒரு தரம் கூப்பிட்டார். நான் எழுந்து போய்த் திரையை இழுத்துவிட்டேன்.

பின்னே என்ன? எட்டுப் பேர் முன்னால் சொன்னதைத் தனியாக வந்து கதவுச் சந்தில் சொல்லிவிட்டுப் போய்விடலாமா? கோப்பிக் கடைக்கு வரட்டும், அங்கே சொல்லட்டும் என்று இருந்தேன். வரவில்லை. அடுத்து அவரை நான் பார்த்தது புளோக்குக்குக் கீழே பந்தலில், பெட்டிக்குள். தள்ளி நின்று பார்த்தேன். உன் அம்மா என்னைப் பார்த்தாள். நீயும்தான் பார்த்தாய்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் ஒரு தொந்தரவு. யாரிடமும் சொன்னதில்லை. ஏழு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு இறாலோடு உட்காருவேன். சத்தம் கேட்கும். லிஃப்டிலிருந்து வந்து அந்த ஜன்னலுக்கு நேராக நிற்கும். தட்டாது, கூப்பிடாது. நிற்கும். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. கண்ணாடித் தொட்டியில் ஜன்னல் தெரியும் இல்லையா, அதையும் பார்ப்பதில்லை. ஆனால் கிண்ணம் பார்க்கும். முப்பத்தொரு கண்ணும் எனக்குப் பின்னால் இருப்பதைத்தான் பார்க்கும். திரையை இப்போது இழுப்பதில்லை. இழுத்து என்ன ஆகப்போகிறது?

போனில் நீ ஒன்று சொன்னாய். அதுதான் எனக்கு இரண்டு வாரமாக நெஞ்சில் நிற்கிறது. "தொட்டி இன்னும் ஓடுது மாமா. உள்ள வெறும் கல்லுதான். அப்பா நாலு வருஷமா வாராவாரம் தண்ணி மாத்திக்கிட்டே இருந்தார். இப்ப சுத்தமா இருக்குன்னு கடையில சொல்லிட்டாங்க." ஒன்றுமே இல்லாத தொட்டிக்கு நாலு வருஷம். வாளி வாளியாக. அந்த உடம்போடு. எதற்காக வைத்திருந்தார்? என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாளே வெட்டிக் கொடுத்திருப்பேனே.

சரி. இங்கே வா. தொட்டியின் இந்த ஓரத்தைப் பார். சின்னக் கல்லில் தனியாக ஒன்று ஒட்டி வைத்திருக்கிறேன் தெரிகிறதா? வெட்டிய உடனே கொடுக்கக் கூடாது. வெட்டின ஓரம் ஆற வேண்டும், இரண்டு வாரம் பிடிக்கும். நீ போன் செய்த அன்றைக்கே வெட்டிவிட்டேன். எண்ணிப் பார். ஆமாம், ஆறு. உங்கள் வீட்டுக்கு எப்போதும் ஆறுதானே.

அழாதே, அம்மா. இதற்கு எதற்கு அழுகை? இரு, கொண்டுபோக ஏனம் எடுக்கிறேன். பச்சை வாளியில் போட்டு உன்னை அனுப்ப முடியுமா? தருமலிங்கத்தின் பெண் நீ. நாலு மாடிதான், இந்தக் குடத்திலேயே தொட்டித் தண்ணீரை மொண்டு...

என்ன? ஏன் கையைப் பிடிக்கிறாய்?

விடு, குடம் கீழே விழுந்துவிடும். நசுங்கிவிடும். அஞ்சலை... என்ன கேட்கிறாய்? ஆமாம், இதில்தான். பத்தொன்பது நாளும் இதே குடத்தில்தான் உன் அப்பா தொட்டிக்கு ஊற்றினேன். சொன்னேனே. ஒளித்தா சொன்னேன்? எவ்வளவு மரியாதையாகச் செய்தேன் என்பதற்குத்தான் சொன்னேன்.

நீ ஏன் இப்படி உட்கார்ந்துவிட்டாய்? அதில் உட்காராதே என்றேனே. சரி, உட்கார். உட்கார்ந்துவிட்டாய், பரவாயில்லை.

தண்ணீர் வேண்டுமா? வேண்டாமா?

சரி, சொல். இப்போது எல்லாம் கேட்டுவிட்டாய். இப்போது சொல்.

என்ன சொன்னாய்? இன்னொரு தரம் சொல்.

"அப்பா ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னதே அதுதான் மாமா. அடைக்கலம் வேணும்னு செய்யல. அத அவன்கிட்டச் சொல்லிடு. அப்படின்னு சொன்னார்."

வேணும்னு செய்யல.

வேணும்னு செய்யல என்றா சொன்னார்? கடைசியில் அப்படியா சொன்னார்? அந்த ஜன்னலில் நின்றுவிட்டுப் போனாரே, அதற்குப் பிறகா?

இல்லை, அம்மா. அது இல்லை. நான் கேட்டது அது இல்லை. 'செய்யல' என்று கேட்டேன். 'வேணும்னு செய்யல' என்பது வேறு. அது வேறு வார்த்தை. முன்னால் இருக்கிற அந்த ஒன்றை எடுத்துவிடு. எடுத்துவிட்டு, 'அடைக்கலம் செய்யல' என்று சொல். நீயாக வேண்டாம், உன் அப்பா சொன்னதாகச் சொல். பொய் என்றாலும் சரி, ஒரு தரம் சொல்.

சொல்லமாட்டாய். உன் அப்பாவும் பொய் சொல்லமாட்டார். இரண்டு பேரும் ஒரே மாதிரி.

இந்தா, இந்த பிளாஸ்டிக் டப்பா. தொட்டித் தண்ணீர்தான் ஊற்றியிருக்கிறேன், பயப்படாதே. டப்பாவைத் தவிர வேறு எதிலும் படவில்லை. அடியில் வை, நிழலில் வை. முதல் மூன்று நாள் சாப்பாடு விடாதே. நாலாம் நாள் ஏழு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, ஒரு கண்ணுக்கு ஒரு துளி. வாங்கிக்கொள்ளும். முழங்கால் இப்போது பரவாயில்லை, ஏதாவது என்றால் கூப்பிடு, வருகிறேன்.

குடத்தைக் கேட்காதே. அதைக் கொடுக்கமாட்டேன். இதோ, கவிழ்த்து வைத்துவிட்டேன். அது பாட்டுக்குக் கவிழ்ந்து கிடக்கும்.

மணி ஏழு ஆகப்போகிறது, நான் இறால் நறுக்க வேண்டும். நீ போகும்போது அந்த ஜன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும், வேறு வழி இல்லை. ஒரு நிமிஷம் அங்கே நில். யாராவது இருந்தால் சொல், துண்டைக் கொடுத்தேன், ஆறு கண் கொடுத்தேன் என்று. ஆனால் எனக்கு வர வேண்டியது இன்னும் வரவில்லை. ஒரு சொல் கூடுதலாக வந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு மறுபடி சொல்லி அனுப்பச் சொல்.